ஒரு விரல் ஓரம்

தூள் எது, தவிடு எது என்று தெரியாதவர்கள் பெரணி வளர்க்க வரக்கூடாது. இது என் கணவர் சொல்வது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இதைச் சொன்னார். அந்த வாரம் வேறு எதுவும் என்னிடம் பேசியதாக நினைவில்லை.

பெரணி, அதாவது ஃபெர்ன், பூக்காது, காய்க்காது. இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வரும், அவ்வளவுதான். எங்களிடம் வாங்கிப்போகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பூச்சி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, "சுத்தம் பண்ணிட்டேன்" என்று வந்து பெருமையடிப்பார்கள். அந்தப் புள்ளிக்குள்தான் எல்லாமே இருக்கிறது. சரியான நாள் பார்த்து இலையைக் கிள்ளிக் காகிதக் கவருக்குள் போட்டு வைத்தால், மறுநாள் கவரின் அடியில் மூக்குப்பொடி மாதிரி தூள் விழுந்திருக்கும். விதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாள் தவறிக் கிள்ளினால் தூள் முன்பே காற்றோடு போயிருக்கும். அப்போதும் கவரில் பழுப்பாக ஏதோ விழும். அது வெறும் தோல். நாங்கள் தவிடு என்போம்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெள்ளைக் காகிதத்தில் கொட்டிச் சாய்த்துப் பிடித்து, அடியில் விரலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். தவிடு உருண்டு கீழே போய்விடும். தூள் போகாது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

என் மகளுக்கு அந்தச் சரியான நாள் கடைசிவரை பிடிபடவில்லை. மற்ற எதிலும் அவளுக்குப் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது. சாப்பாட்டைப் போட்டுக் கையில் கொடுப்பதற்குள் பாதி படி இறங்கியிருப்பாள். இலை கிள்ளுவதில் மட்டும் எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்துவிடும். "இன்னும் ரெண்டு நாள் பழுக்கட்டும்பா" என்பாள். அந்த இரண்டு நாளில் தூள் பறந்திருக்கும். அவள் கொண்டுவந்து நீட்டுகிற கவரை அவர் காகிதத்தில் கொட்டித் தட்டுவார். எல்லாம் உருண்டோடும். "தவிட்டு ராணி வந்தாச்சு, வழி விடுங்க" என்பார் என்னைப் பார்த்து. மகளோடு பேசும்போது மட்டும்தான் அந்த மனிதருக்குக் கிண்டல் வரும். "ராணிதானே? அது போதும்" என்று அவள் சொல்லிவிட்டுப் போவாள். பத்து வருஷமாக இதே பேச்சு, இதே பதில். எனக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தது. இன்றைக்கு அதில் ஒரே ஒரு தடவைக்காக எதையும் கொடுப்பேன்.

கொண்டைக்காரியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அது ஒரு செடியின் பெயர். இருநூறு நாற்று இருந்த தட்டில் ஒன்று மட்டும் இலை நுனி பிளந்து கோணலாக வந்தது. அவர் பார்த்துவிட்டு, "ஊனம். பிடுங்கிப் போடு" என்றார். இவள் பிடுங்கினாள், போடவில்லை. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் மண் போட்டு நட்டு, ஜன்னலோரம் ஒளித்து வைத்தாள். நான் ஒரு மாதம் வேறு குவளையில் குளித்தேன். வளர வளர ஒவ்வொரு இலையின் நுனியும் ஐந்தாறு விரலாகப் பிரிந்து, சேவலின் கொண்டைபோலச் சுருண்டு நின்றது. நாலு வருஷத்தில் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. தோட்டம் அமைத்துத் தருகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். இந்த மாதிரி ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் தூக்கிப்போடச் சொன்னேன்" என்றார். அவர் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மகள் அன்று வீட்டுக்குள் நடக்கவில்லை, மிதந்தாள்.

போன வருஷம், மழைக்கு முன்னால், ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைக்குப் பன்னிரண்டு தொட்டி கொண்டுபோக வேண்டியிருந்தது. நான்தான் அவளை அனுப்பினேன். "வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வா" என்று துரத்தினேன். மூன்று சக்கர வண்டி. எதிரே ஒரு லாரி. அவள் உயிரோடு திரும்பவில்லை. பன்னிரண்டில் ஒன்பது தொட்டி கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தன. யாரோ நல்ல மனசுக்காரர்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பதையும் தெருவில் போட்டு உடைத்தேன்.

எங்கள் கொட்டகைக்கு வெயில் காலத்தில் நாளைக்கு நாலு தடவை பம்பைப் போட்டுத் தெளிக்க வேண்டும். பெரணி பட்டினி கிடக்கும், இருட்டில் கிடக்கும், தாகம் மட்டும் தாங்காது. அவள் போன பிறகு பதினோரு நாள் யாரும் பம்பைப் போடவில்லை. அவரும் போடவில்லை, நானும் போடவில்லை. வீட்டில் வருவோர் போவோர், செருப்புக் கும்பல், அழுகை. பின்பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோனது. பன்னிரண்டாம் நாள் அவர் உள்ளே போய்விட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"கொண்டைக்காரி?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அடியில? கிழங்குல ஏதாவது பச்சை?"

"தோண்டிப் பாத்துட்டேன்."

மகளையும் நான்தான் அனுப்பினேன். அவள் செடியையும் நான்தான் காயப்போட்டேன். இதைத் தவிர வேறு எந்த நினைப்பும் இல்லாமல் கிடந்தேன். அக்கா வந்து பத்து நாள் இருந்து, தலை வாரிவிட்டு, ஊட்டிவிட்டுப் பார்த்து, கடைசியில் கோபித்துக்கொண்டு போனாள். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் நாலைந்து நாள்கூடக் கழிந்தது.

பிறகு ஒரு நாள் அவள் மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியாது. ரப்பர் பேண்டு, காய்ந்த பேனாக்கள், உடைந்த கடிகாரம், அதற்கடியில் ஒரு காகிதக் கவர். ஒட்டியிருந்தது. மேலே அவளுடைய கோழிக் கிறுக்கல் எழுத்து: "கொண்டைக்காரி. அப்பா, இந்தத் தடவை தவிடு இல்லை. பந்தயம்!" அதற்குக் கீழே தேதி. அவள் போவதற்கு மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

நான் கத்திய கத்தலில் அவர் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

கவரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மெல்ல ஆட்டிப் பார்த்தார். "பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்றார்.

"இங்க வேணாம். ஃபேன் ஓடுது. ஒரு பொட்டுகூட வீணாகக் கூடாது. கொட்டகைக்குக் கொண்டு போய்ப் பிரிங்க."

"நீயும் வாயேன்."

"என்னால முடியாதுங்க. அங்க வந்து அந்தக் காஞ்ச செடியைப் பாக்க என்னால முடியாது. நீங்களே போட்டுட்டு வாங்க."

"மண்ணுல கொதிதண்ணி ஊத்தி ஆற வைக்கணும். நாளைக்குத்தான் போட முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் வந்து "போட்டாச்சு" என்றார். முந்தின நாள் போட்ட அதே சட்டை, முழங்கையில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "எங்க போய் உரசிக்கிட்டு வர்றீங்க?" என்றுகூடக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாதது அவரிடம் புதிதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் எழுந்து கூடப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாவது வாரம் தட்டில் பச்சை கண்டது. முதலில் பாசி படர்ந்தது மாதிரி ஒரு மினுமினுப்பு. பிறகு அது சின்னச் சின்ன இதழாகத் தடித்தது. பெரணி நேராகச் செடியாக வராது. முதலில் இந்தப் பச்சைத் தோல். அதன் மேல் ஈரம் நின்று, நாள் போய், அதற்குப் பிறகுதான் இலை. அவர் தட்டைக் கண்ணாடிப் பலகையால் மூடி, கொட்டகையின் வடக்கு மூலையில் வைத்திருந்தார். நான் பச்சையைப் பார்த்த அன்று குளித்தேன். மத்தியானம் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து, தன் தட்டில் கை வைக்காமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் அங்கேதான் போனேன். போய்ப் பேசினேன். வெட்கம் என்ன வெட்கம், பேசினேன். உன் சிநேகிதி பிள்ளை உண்டாகியிருக்கிறாள், உன் வண்டியை விற்றுவிட்டோம், உன் அப்பா ராத்திரியில் பல் கடிக்கிறார், நீ இருந்தால் கிண்டல் செய்திருப்பாய், இப்படி. கண்ணாடி வழியாகப் பேசினால் பேசியது மாதிரி இல்லை. அதனால் மூடியைத் தூக்கிவிட்டுப் பேசினேன்.

அது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். காற்றில் எந்நேரமும் ஊர்ப்பட்ட பெரணிகளின் தூள் பறக்கிறது. அதிலும் சாக்கடைப் பெரணி என்று ஒன்று இருக்கிறது. சுவர் வெடிப்பு, தண்ணீர்க் குழாயின் அடி, கழிவறையின் பின்பக்கம், எங்கே ஈரமோ அங்கே தானே முளைக்கும். மூடி திறந்த தட்டு அதற்குத் திறந்து வைத்த வீடு. ஒரு தடவை மகள் மூடியைத் தூக்கி எட்டிப்பார்த்ததற்கு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தவர் என் கணவர். நான் திறப்பதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனார். பெற்ற பிள்ளை போனதும் மனுஷன் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் முதல் இலைகள் வந்தன, பொட்டு அளவில். முதல் இலையை வைத்து எதையும் சொல்ல முடியாது. பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒரே ஜாடைதானே. அவளுடைய கொண்டை எல்லாச் செடியிலும் வராது, பத்தில் மூன்றோ நாலோ தாயைப்போல வரும் என்று எனக்குத் தெரியும். நாலாவது இலையில் பிளவு தெரியும் என்று காத்திருந்தேன். நாலாவது இலை வந்தது. ஆறாவதில் தெரியும் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பழைய பிளாஸ்டிக் குவளையைத் தேடியெடுத்து, தேய்த்துக் கழுவி, அடியில் இரும்புக் கம்பியைக் காய்ச்சி இன்னும் இரண்டு ஓட்டை போட்டு வைத்தேன். முதல் கொண்டை எதில் தெரிகிறதோ அது இந்தக் குவளைக்கு.

"எடுத்துப் பிரிச்சு நடலாமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"அடுத்த மாசம்?"

"பாக்கலாம்."

இருபத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவள் நான். எனக்குக் கண் அவிந்துபோகவில்லை. இலை நீளநீளமாக, ஈட்டி மாதிரி இறங்கியதைப் பார்க்கத்தான் செய்தேன். வளரும் பிள்ளை, போகப்போகத் திருந்தும் என்று சொல்லிக்கொண்டேன். தெரிந்துவிடக் கூடாது என்று ஒருத்தி முடிவு செய்துவிட்டால் அவளுக்கு யாரும் எதையும் காட்ட முடியாது.

காட்டியவர் பிளம்பர்.

பதினோராம் மாதம் அது. பம்பு அடைத்துக்கொண்டு, தண்ணீர் திக்கித் திக்கி வந்தது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வடக்கு மூலைத் தட்டு அவர் கண்ணில் பட்டது. நல்ல மனுஷன். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்கிறவர் இல்லை.

"என்னக்கா இது, இதைப் போய்க் கண்ணாடி போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

"அது என் பொண்ணோட செடி. அபூர்வமானது" என்றேன்.

"இதா அபூர்வம்?" அவர் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "அக்கா, நான் நாள் முழுக்க இதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுட்டுத்தானே குழாயையே பாக்குறேன். எந்தச் சாக்கடையத் திறந்தாலும் இதுதான். உங்க வீட்டுப் பின்சுவத்துலயே அப்பிக் கெடக்குதே, இப்பத்தான் பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "எனக்கு என்னக்கா தெரியும், நான் குழாய் வேலைக்காரன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூலிகூட வாங்கவில்லை.

பின்சுவருக்குப் போனேன். கழிவுநீர்க் குழாய் இறங்குகிற இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த வெடிப்பு முழுக்க அதுதான். ஓர் இலையைப் பிடுங்கி வந்து தட்டிலிருந்த இலையின் பக்கத்தில் வைத்தேன். வைத்தபோதே தெரிந்தது. வைப்பதற்கு முன்பே தெரிந்தது.

நான் அழுத அழுகையை அவளைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட அழவில்லை. அன்று என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். "நான்தாங்க கெடுத்தேன். நான்தான் மூடியைத் திறந்தேன். வாய் ஓயாமப் பேசிப் பேசி, உள்ள இந்தக் களையைக் கூப்பிட்டு வச்சு, அவ செடியை மூச்சு முட்டச் சாகடிச்சுட்டேன்" என்று அவர் காலடியில் விழுந்து அழுதேன். மூன்றாவது தடவையும் நானே. அனுப்பியவள் நான், காயப்போட்டவள் நான், கடைசியாக மிஞ்சியதையும் எட்டிப்பார்த்துக் கெடுத்தவள் நான். அவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. சோற்றுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் காலையில் தட்டைக் கொட்டிவிடலாம் என்று எழுந்து போனேன். கண்ணாடியை எடுத்துக் கீழே வைத்தேன். கொட்டுவதற்கு முன், இந்த நெருக்கத்தின் அடியில் எங்கேயாவது அவளுடையது ஒன்று, ஒன்றே ஒன்று, நசுங்கிக் கிடக்காதா என்று இலைகளை விலக்கி மண்ணைப் பார்த்தேன்.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன்.

என் கணவர் தூள் போடுவதில் ஒரு பழக்கம் உண்டு. காகிதத்தை மடித்துப் பிடித்து, மோதிர விரல் நகத்தால் தட்டித் தட்டி, வலமிருந்து இடமாக வருவார். தட்டின் நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுவார். ஓரத்தில் முளைத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும் என்பார். வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. மகள் போட்டால் ஒரு மூலையில் குப்பையாகக் குவியும். இந்தத் தட்டில், வேர்கள் இறங்கிய இடத்தைப் பார்த்தால், நாலு பக்கமும் ஒரு விரல் மண் சுத்தமாக இருந்தது. நடுவில் வலமிருந்து இடமாக, ஒரே சீராக, சாக்கடைப் பெரணி.

காற்றில் வருகிற களை இப்படி வராது. அது ஓரம் பார்க்குமா, ஒழுங்கு பார்க்குமா? ஒரு மூலையில் திட்டாக வரும், விளிம்பில் ஏறும். அளவெடுத்து ஓரம் விட்டு முளைக்காது. என் விரலை வைத்து நாலு பக்கமும் அளந்து பார்த்தேன். பிறகு அவருடைய முழங்கையில் அப்பியிருந்த சுண்ணாம்பு ஞாபகத்துக்கு வந்தது.

அவர் கொட்டகையின் மறுகோடியில் ஸ்டூலில் உட்கார்ந்து தெளிப்பான் மூக்கை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன்.

"இதைப் போட்டது யாரு?"

அவர் நிமிரவில்லை.

"காத்துல வந்த களை ஓரம் விட்டு மொளைக்குமா? சொல்லுங்க. நாலு பக்கமும் ஒரு விரல். அளந்து பாத்துட்டுத்தான் கேக்குறேன்."

ஊசியைக் கீழே வைத்தார். "நீ கவரைக் குடுத்த அன்னைக்கு சாயங்காலம், பின்சுவத்துல ரெண்டு இலை கிள்ளினேன்" என்றார்.

"அவ தூளு?"

மறுபடி ஊசியை எடுத்தார்.

"அவ தூளு எங்கடா?"

இருபத்தாறு வருஷத்தில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"தவிடு" என்றார்.

"பொய்."

"தட்டிப் பாத்தேன். திருப்பித் திருப்பித் தட்டினேன். லென்ஸு வச்சும் பாத்தேன். ஒண்ணுகூட நிக்கல."

"அப்ப வந்து சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எப்படிச் சொல்ல?" அவர் குரல் எழும்பவே இல்லை. "அந்தக் கவரைக் குடுக்குறப்போதான் அத்தனை நாளைக்கப்புறம் நீ என் முகத்தைப் பாத்துப் பேசின. திரும்பி வந்து உன் முன்னாடி வெறுங்கையோட நிக்க என்னால முடியல. ஏதாவது ஒண்ணு பச்சையா வந்தா நீ எழுந்திரிப்பேன்னு நெனச்சேன். எழுந்திரிச்சே."

"எழுந்திரிச்சு வந்து சாக்கடைகிட்டப் பேசிட்டிருந்தேன். ஒரு வருஷமா!"

"ஆமா."

"நீங்க அதைக் கேட்டுட்டு இருந்தீங்க."

"நானும் பேசியிருக்கேன்" என்றார். "நீ தூங்குனதுக்கப்புறம், மத்தியானத்துல."

"அது என்னன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் கிடைத்ததைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. எறிவதற்கு அந்தத் தட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அதை எறியவும் முடியவில்லை. எதைப் பேசினேனோ எல்லாம் அதில்தானே இருக்கிறது.

"ரெண்டு நாளா நான்தான் கெடுத்தேன்னு உங்க காலடியில கெடந்து அழுதேனே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமில்ல? என் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, நீங்க மனுஷன்தானா?"

அவர் தெளிப்பான் மூக்கைத் திருகினார். பிறகு சொன்னார்: "வாயைத் திறந்தா, அவ பந்தயத்துல தோத்துட்டான்னு சொல்லணும்."

நான் அங்கேயே, ஈரத் தரையில், உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய கவரிலிருந்து கொண்டைக்காரி எந்தக் காலத்திலும் முளைத்திருக்கப் போவதில்லை. அவள் எழுதி ஒட்டி வைத்த அன்றே அதற்குள் ஒன்றும் இல்லை. பம்பைப் போட மறந்த பதினோரு நாளோடு அந்தச் செடி முடிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், நான் குளித்தது, சாப்பிட்டது, குவளைக்கு ஓட்டை போட்டது எல்லாம், இந்த மனிதர் சுவரிலிருந்து கிள்ளிய இரண்டு இலையால் ஆனது.

"கவர் எங்க?" என்றேன்.

"எதுக்கு?"

"குடுங்க."

அவர் எழுந்து போய், தூள் கவர்களையெல்லாம் போட்டு வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்தார். மற்றக் கவர்களோடு கலக்காமல் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். பிரித்த இடத்தை மடித்துத் திரும்ப ஒட்டியிருந்தார். மேலே அவளுடைய கிறுக்கல் அப்படியே இருந்தது. பந்தயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் போட்ட ஆச்சரியக்குறி காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது.

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். கவரைப் பிரித்துக் கொட்டினேன். பழுப்பாக, பொடியாக, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட. பார்த்தால் தூள்தான். சத்தியமாகத் தூள்தான். காற்று படாமல் குனிந்து, தாளை இரண்டு கையாலும் தூக்கி, மெல்லச் சாய்த்தேன். அடியில் விரலால் தட்டினேன்.

எல்லாம் உருண்டு என் மடியில் விழுந்தது. தாள் வெள்ளையாக இருந்தது.

சேலை மடிப்பிலிருந்து ஒன்று விடாமல் ஒற்றி ஒற்றி எடுத்து மறுபடி தாளில் போட்டேன். மறுபடி சாய்த்தேன். அவர் பக்கத்தில் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்து, தாளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாத் தட்டு" என்றார்.